கழுவிய மண் சொன்ன பொய்

எங்கள் ஏரிக்கரைக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் ஐயா அவர்களே, முன்வரிசையை முழுசாகப் பிடித்துக்கொண்ட பெரியோர்களே, குழாயடியை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டு இப்போதே வருந்தும் அண்ணன்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்!

திங்கட்கிழமை நம் குடிநீர் ஏரியைத் தூர்வாரப் போகிறார்கள். நல்லதுதானே என்கிறீர்களா? நானும் கைதட்டியவள்தான்.

ஆனால் சேறு வெறும் சேறா? செத்த மீனும் செத்த பாசியும் சத்தமில்லாமல் அடியில் சேர்கின்றன. அவற்றின் உடம்பிலிருந்த நைட்ரஜனைக் களிமண் கட்டிப் பிடித்துக்கொள்கிறது. காற்றில்லா இருட்டில் கிருமிகளாலும் அதை எளிதில் தின்ன முடியாது. பத்தாண்டா? நூறாண்டா? அதற்கு மேலும் கிடக்கும்! கிளறினால்? கட்டு அவிழும், அம்மோனியாவாகத் தண்ணீரில் கலக்கும். மீனுக்கு அது நஞ்சு.

அது எவ்வளவு இருக்கிறது என்று அளந்தவள், மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் என் அக்கா. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் பாலுக்குப் பக்கத்தில் சோதனைக்கு எடுத்த ஏரிச்சேறு ஒரு குழாய் நிறைய இருக்கும். அதில் 'சாக்லேட் ஐஸ்கிரீம்' என்று எழுதி ஒட்டியது நான். கரண்டியோடு வந்தவர் சித்தப்பா. சிரியுங்கள், சிரியுங்கள்! இன்று அவர் எதற்கும் சிரிப்பதில்லை. ஏரியில் வலைக்கூண்டு போட்டு மீன் வளர்த்தவர். போன மாதம் சோதனைக்கென்று ஒரு மூலையைத் தோண்டினார்கள். மூன்றாம் நாள் காலை, கூண்டு நிறைய வெள்ளை வயிறுகள்.

அன்று அக்கா சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தாள். "என் தப்புடி. சிப்பிச் சுண்ணாம்பு போகணும்னு மண்ண அமிலத்துல கழுவுவோம். அது கார்பன் அளக்க மட்டும். அவசரத்துல அதே மண்ணுல நைட்ரஜனையும் அளந்துட்டேன். கழுவுன தண்ணியோட நிறைய போயிருச்சு."

"அப்ப சேத்துல பயமில்லன்னு நீ கையெழுத்து போட்டது?"

"பொய்."

மறுநாளே மிச்ச மண்ணைக் கழுவாமல் அளந்தாள். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

மேலாளர் என்ன சொன்னார் தெரியுமா? "ரிப்போர்ட் போயாச்சும்மா. வாயத் திறந்தா முதல்ல போறது உன் வேலைதான்."

யாரது பின்னால், "இத்தனை நாள் ஏன் வாய மூடிட்டிருந்தா?" என்பது? சரியான கேள்வி, மாமா. பயந்தாள். எங்கள் வீட்டில் சம்பளம் வாங்குவது அவள் ஒருத்திதான். ஒரு மாதம் பயந்தாள். அந்த ஒரு மாதத்தில்தான் இயந்திரங்கள் கரைக்கு வந்து நிற்கின்றன.

தெரிந்தே நம் தலையில் நாமே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளலாமா? தவறான எண்ணை நம்பித் தோண்டலாமா? தோண்டிய தண்ணீரைப் பிள்ளைகளுக்கு ஊற்றலாமா?

அதோ, மூன்றாம் வரிசை. என் அக்கா எழுந்து நிற்கிறாள். "என் அளவு தப்பு" என்று எழுதிய கடிதம் அவள் கையில். ஐயா, அதை வாங்கிக்கொள்ளுங்கள். மறுபடி அளக்கும்வரை ஏரியைத் தொடமாட்டோம் என்று இங்கேயே சொல்லுங்கள். அவள் வேலை இந்த நிமிடமே போய்விட்டது. இனி ஏரியாவது போகாமல் இருக்கட்டும்.

கேட்டிருந்த காதுகளுக்கு நன்றி. அவளோடு எழுந்து நிற்கப்போகும் கால்களுக்கு என் வணக்கம்.