தள்ளிவிட்ட பாதி

அண்ணி: ஞாயித்துக்கிழமையிலேர்ந்து ஓட்டு. ஒண்ணுவிடாம.

நாத்தனார்: ஒரு வாரத்துப் பதிவு அண்ணி. என்னை இந்தக் குடியிருப்புக் கேமரா அறையில வேலைக்கு வச்சவரு திட்டுவாரு. உக்காந்து பாத்தா இன்னொரு வாரம் ஆகும்.

அண்ணி: ஆகட்டுமே. எனக்கென்ன அடுப்புல பாலா பொங்குது?

நாத்தனார்: சைக்கிள் எப்பக் காணாமப் போச்சுன்னுதான தெரியணும்? சாயங்கால கம்ப்யூட்டர் வகுப்புல ஒரு வழி சொன்னாங்க. பைனரி சர்ச்னு பேரு. நட்டநடுவுல பாக்கணும். இதோ, புதன் மத்தியானம். சைக்கிள் இருக்கா?

அண்ணி: இருக்கு. நம்ம மாடிப்படிக்குக் கீழ… கிழிஞ்ச சீட்டோட.

நாத்தனார்: அப்ப அதுக்கு முந்தி உள்ளதெல்லாம் வேண்டாம். தள்ளியாச்சு.

அண்ணி: பாக்காமலேவா? அரிசியில கல்லு பொறுக்குறவ பாதிய அப்படியே ஒதுக்கிடுவாளா?

நாத்தனார்: கல்லு எங்க வேணா கெடக்கும் அண்ணி. நேரம் வரிசையா நிக்குது. ஒரு எடம் வரைக்கும் சைக்கிள் இருக்கு, அதுக்கப்புறம் இல்ல. அந்த எடத்தத்தான் தேடுறோம்.

அண்ணி: ம்…

நாத்தனார்: மிச்சத்துல நடு… வெள்ளி விடியக்காலை.

அண்ணி: காணோம்.

நாத்தனார்: அப்ப அதுக்குப் பின்னாடி உள்ளதும் வேண்டாம்.

அண்ணி: இரு, நான் சொல்றேன். புதனுக்கும் வெள்ளிக்கும் நடுவுல… வியாழன் காலை. இருக்கு. முன்பாதியத் தள்ளு.

நாத்தனார்: அடேயப்பா. எனக்கு இது மண்டையில ஏற ரெண்டு வாரம் ஆச்சு.

அண்ணி: ஒவ்வொரு தடவையும் பாதி போயிட்டா… சட்டுன்னு முடிஞ்சிடுமே.

நாத்தனார்: அதான அதோட கெட்டிக்காரத்தனம்.

அண்ணி: கொஞ்சம் மெதுவா முடியக் கூடாதா…

நாத்தனார்: வியாழன் சாயங்காலம்… இன்னும் நெருக்கி… இந்தா, ஒரு ஆளு பூட்டத் தெறக்குறாரு. அண்ணி… இது நம்ம அண்ணன்.

அண்ணி: தெரியும்.

நாத்தனார்: தெரியுமா? திருட்டுப் போச்சுன்னு சொன்னீங்க?

அண்ணி: வேற என்னன்னு சொல்லி உன்கிட்ட வர்றது? கோவிச்சுக்கிட்டுப் போனவரு சைக்கிளத்தான் விட்டுட்டுப் போனாரு. சாவி அவரு பையிலதான் இருந்துச்சு. சைக்கிள் நின்ன எடம் காலியாக் கெடக்கவும் புரிஞ்சுபோச்சு. முகத்தப் பாக்கணும்னு இருந்துச்சு… எளைச்சுட்டாரு, பாரேன். சட்டை புதுசு.

நாத்தனார்: நிறுத்தட்டுமா?

அண்ணி: அப்படியே நிக்கட்டும். கண்ணாரப் பாத்துக்கிறேன்… சரி, முதல்ல ஒரு பாதியத் தள்ளினியே, அதப் போடு.

நாத்தனார்: அதுல ஒண்ணுமில்ல அண்ணி. சைக்கிள் அசையாம நிக்குது.

அண்ணி: நாம கேட்டது சைக்கிள் இருக்கா இல்லையான்னுதான். அதத் தொடாம ஒரு ஆளு வந்து நின்னுட்டுப் போயிருந்தா?

நாத்தனார்: வந்தாரு அண்ணி. திங்கக்கிழமை. நீங்க மாடியில துணி எடுத்துக்கிட்டு உள்ள போற வரைக்கும் அண்ணாந்து பாத்துக்கிட்டே நின்னாரு. நீங்க சைக்கிளக் காணோம்னு சொன்னதுமே, காலையில வேகமா ஓட்டி முழுசாப் பாத்துட்டேன்… அது உங்க கண்ணுல பட்டா தாங்க மாட்டீங்கன்னுதான் இந்தப் பாதிக் கணக்கயே எடுத்தேன்.