தம்பி குளித்த நேரம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் வேலை செய்கிற பிளக் பாயின்ட் ஒன்றே ஒன்றுதான் டாக்டர் மேடம். அலமாரிக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில் இருக்கிறது. சமையலறையில் இன்னொன்று உண்டு, அது மிக்சிக்கு மட்டும்தான் கட்டுப்படும். அதனால் யார் குளிக்கப் போகிறார்களோ அவர்களுடைய போன் சார்ஜில் ஏறும். எழுதி வைக்காத சட்டம். நான் குளிக்க ஏழு நிமிடம் ஆகும். என் தம்பிக்கு இருபது.

அவனிடம் எப்போது மாற்றம் தெரிந்தது என்று எழுதித் தரச் சொன்னீர்கள். அம்மா ‘போன மாசம்’ என்பாள். அப்பா ‘இப்பத்தான்’ என்பார். என்னால் கிழமை, மணியோடு சொல்ல முடியும்.

தம்பி என்கிறேனே தவிர, அவன் பதினொரு நிமிடம்தான் இளையவன். இரட்டைப் பிள்ளைகள் நாங்கள். காரியம் ஆக வேண்டுமென்றால் மட்டும் ‘அக்கா’ என்பான், மற்ற நேரம் ‘ஏய்’. காலேஜ் முடித்த வாரம் அப்பா எங்கள் இருவருக்கும் ஒரே கடையில் ஒரே மாதிரி போன் வாங்கிக் கொடுத்தார். அப்பா லாரி ஓட்டுகிறார். எழுத்தில் அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். எங்கள் வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் என் தலையில்தான் விழும், அதுவும் அப்படியே விழுந்தது. இரண்டு போனிலும் கணக்குத் திறந்தது நான். ஒரே பிறந்த தேதி, ஒரே கல்லூரி, இருவருமே வேதியியல். ஓரிடத்தில் மட்டும் அவனுக்கு ஆண் என்றும் எனக்குப் பெண் என்றும் தொட்டேன். அந்த ஒரு தொடலில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். படித்தவள் இல்லையா.

அன்றிலிருந்து என் போன் என்னை வளர்க்க ஆரம்பித்தது. கழுத்துக் கருமையைப் போக்கச் சொன்னது. இடுப்பைக் குறைக்கச் சொன்னது. கணவன் கோபமாக இருக்கும்போது எப்படிப் பேசாமல் இருப்பது என்று சொல்லிக் கொடுத்தது. எனக்குக் கணவனே கிடையாது, இருந்தாலும் முன்கூட்டியே வாயை மூடப் பழக்கியது. வேதியியல் என்று தேடினால் சோடா மாவால் சிங்க் கழுவுவதைக் காட்டும். அதுவும் வேதியியல்தானே என்று விட்டுவிட்டேன். மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கப் போனேன்.

இரண்டு வருடம் இப்படியே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“அக்கா, இந்த டைட்ரேஷன் கணக்கு கொஞ்சம் சொல்லிக் குடேன்.”

அக்கா என்றதுமே உஷாரானேன். “எதுக்குடா திடீர்னு?”

“தண்ணி டெஸ்ட் பண்ற லேப்ல வேலை. அப்ளை பண்ணிருக்கேன், எழுத்துத் தேர்வு வருது.”

“இது எப்ப வந்துச்சு?”

“போன மாசமே. போன்ல நாலஞ்சு தடவை வந்துச்சே.”

“கடைசித் தேதி?”

“வெள்ளிக்கிழமையோட முடிஞ்சுது.”

“என்கிட்ட ஏன்டா சொல்லல?”

அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். “உனக்கும் வந்திருக்கும்ல? இவளுக்கு இஷ்டமில்ல போல, மருந்துக் கடையே போதும்னு இருக்கான்னு நினைச்சேன்.”

அவன்மேல் தப்பே இல்லை. இதை நான் அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். நான் முதல் வகுப்பில் தேறியவள், அவன் இரண்டு அரியர் வைத்துக் கரையேறியவன். டைட்ரேஷனைச் சொல்லிக் கொடுத்தேன். அவனுக்குப் புரியும் வரை மூன்று முறை.

மறுநாள் திங்கட்கிழமை. ஏழே கால் மணிக்கு அவன் குளிக்கப் போனான். அவன் போனைத் திறக்கும் எண் அவன் பிறந்த தேதி. எனக்கும் அதே தேதிதானே.

நான் எதையும் அழிக்கவில்லை, யாருக்கும் எதுவும் அனுப்பவில்லை. கழுத்துக் கருமை பற்றி மூன்று வீடியோக்களை முழுசாகப் பார்த்தேன். வேலை அறிவிப்பு ஒன்று வந்தது, ‘விருப்பமில்லை’ என்பதைத் தொட்டேன். போனைத் திரும்பச் சார்ஜில் போட்டேன். இவ்வளவுதான். குற்றம் என்றால் ஏதாவது உடைய வேண்டும் என்று நினைப்போம், எதுவும் உடையவில்லை.

போன் உடனே நம்பவில்லை. தினமும் ஏழே காலுக்கு நான் அதையே செய்தேன், அது ஒரு வாரம் பைக்கையும் கிரிக்கெட்டையும் காட்டிப் பார்த்தது. இவனா, கழுத்தா என்று தயங்கியது. ஒன்பதாம் நாள் ஒத்துக்கொண்டது.

அடுத்த சனிக்கிழமை சாப்பிடும்போது கேட்டான். “அம்மா, என் கழுத்து ரொம்பக் கருப்பா இருக்கா?”

“வெயில்ல சுத்துற கழுத்து பின்ன எப்படிடா இருக்கும்? தின்னுட்டுத் தட்டைக் கழுவி வை.”

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருபத்து மூன்று வயதில்தான் தனக்குக் கழுத்து என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரிய வந்தது. என்னுடைய முகக் கிரீமைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடினான். நான் கண்டும் காணாமல் இருந்தேன், நல்ல அக்கா.

அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு மாதம் போகட்டும், அவனுக்கே புரியும், உட்கார வைத்துச் சொல்லிவிட்டு இருவரும் சிரிக்கலாம் என்று. ஆனால் யாரோ தனக்கு இதையெல்லாம் காட்டுகிறார்கள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை மேடம். தன்னிடம்தான் ஏதோ குறை என்று எடுத்துக்கொண்டான். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. ஆக, எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். சொல்லிக் கொடுத்தது நானாயிற்றே. அம்மா தெருவில் நான்கு வீட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தாள். அதற்குள் அவன் குளியல் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. எனக்கும் நேரம் கூடியது.

இடுப்புக்குப் போனோம். நான் என்று சொல்வதைவிட நாங்கள் என்று சொல்வதுதான் நியாயம். நான் ஒரு வீடியோவில் நின்றால் போன் பத்தைக் கொண்டுவந்து கொட்டும், மிச்சத்தை அவனே இழுத்து இழுத்துப் பார்ப்பான். தட்டில் பாதியை ஒதுக்க ஆரம்பித்தான், பிறகு முக்கால்வாசியை. “கோழி மாதிரி கொறிக்கிறியேடா” என்பாள் அம்மா. “பசிக்கலம்மா” என்பான். தையல் கம்பெனியில் நாளெல்லாம் நூல் வெட்டிவிட்டு வருகிறவள், மேற்கொண்டு கேட்க அவளுக்குத் தெம்பு இருக்காது.

நான்கு நாள் லோடு அடித்துவிட்டு வந்த அப்பாதான் முதலில் கவனித்தார். “என்ன இவன், பொம்பளப் புள்ள மாதிரி எந்நேரமும் கண்ணாடி முன்னாடியே நிக்கிறான்? ஏதாவது டாக்டர்கிட்டக் காட்டுங்க.”

அதே கண்ணாடி முன்னால் நான் பத்து வருடம் நின்றிருக்கிறேன். என்னை யாரும் எந்த டாக்டரிடமும் காட்டியதில்லை.

நேர்முகத் தேர்வுக்கு முந்தின வாரம், பேட்டியில் திக்கித் திணறுகிறவர்களைக் கேலி செய்யும் வீடியோக்களில் நின்றேன். அது புதிதாக நானே யோசித்தது, என் போனில்கூட வந்ததில்லை. அன்று காலை அம்மா சட்டையைத் தேய்த்து வைத்திருந்தாள். போட்டான், கழற்றினான், மறுபடியும் போட்டான். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டான்.

“இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எப்படி உள்ள போறது? நீ உண்மையச் சொல்லு. பார்க்க எப்படி இருக்கேன்?”

நல்லாத்தான்டா இருக்க, கிளம்பு என்று சொன்னால் கிளம்பியிருப்பான். அது எனக்குத் தெரியும். “உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்டா” என்றேன். அவன் விருப்பத்துக்கு மதிப்புக் கொடுத்தேன். அவன் போகவில்லை.

எட்டு நாள் கழித்து மாடிப்படியில் விழுந்தான். நாற்பத்தாறு கிலோ என்று உங்கள் நர்ஸ் சொன்னார். தினமும் அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் கிலோவில் பார்க்கவில்லை. அவன் விழுந்த அன்று காலையும் ஏழே காலுக்கு அவன் போனை எடுத்தேன். எடுக்கும்போது கை நடுங்கியதா என்று நீங்கள் கேட்கக்கூடும். இல்லை. பழகிவிட்டது.

நேற்று உங்கள் அறையில், மூன்று மாதத்துக்குப் போன் அவனிடம் இருக்கக் கூடாது, வீட்டில் நம்பிக்கையான ஒருவர் வைத்திருக்கட்டும் என்றீர்கள். அவன் யோசிக்கவே இல்லை. என் பக்கம் கையைக் காட்டினான். “இவகிட்ட இருக்கட்டும். என் மேல அக்கறை உள்ளவ இவ ஒருத்திதான்.” கையில் ஊசி குத்தியிருந்தது, அதனால் இன்னொரு கையால் எடுத்துக் கொடுத்தான்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் அதைத் திருப்பிக் கேட்கலாம். கேட்டால் கொடுத்துவிடுவேன். ஆனால் அவசரம் வேண்டாம் மேடம், பாதி வேலையில் இருக்கிறேன். கழுத்து, இடுப்பு, கேலி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். அந்த ஆய்வகத்தில் இன்னும் இரண்டு இடம் காலி என்று நேற்று சாயங்காலம் அவன் போனில் ஓர் அறிவிப்பு வந்தது. என் பெயரில் விண்ணப்பித்துவிட்டு, அவனுக்கு ‘விருப்பமில்லை’ என்று போட்டுவிட்டேன். இந்த உடம்போடு அந்த அலைச்சலெல்லாம் அவனுக்கு ஆகாது. அதற்குப் பதில் தொட்டியில் செடி வளர்ப்பது, எளிய சமையல், வீட்டில் உட்கார்ந்தபடியே செய்கிற சின்னச் சின்ன வேலைகள் என்று அவன் போனை மெதுவாகப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். மூன்று மாதம் கழித்துப் போன் கைக்கு வந்ததும் அவனுக்கே பிடித்துவிடும். அவனுக்கு எது நல்லது என்று அவனைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.