பதினான்கரை அங்குலம்

துணி அளக்கும் நாடா புழங்கப் புழங்கக் கொஞ்சம் நீண்டுவிடும், அளவைக் குறைத்துக் காட்டும். இதை எனக்குச் சொன்னவன் என் மைத்துனன். தையல்காரன், அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். உங்கள் மேசையில் கிடக்கும் மஞ்சள் நாடாவே அவன் கடையில் தேய்ந்த பிறகு எனக்குக் கொடுத்ததுதான்.

நீங்கள் கேட்டதால் என் பயிற்சி முறையைச் சொல்கிறேன், ஐயா. மேற்கையில் சைக்கிள் டியூபை இறுக்கிக் கட்டிக்கொண்டு எடை தூக்க வேண்டும். கை மரத்த பிறகும் அவிழ்க்கக் கூடாது. ரத்தம் உள்ளேயே நின்று தசையை வளர்க்கும் என்பது என் கணிப்பு. என் உடற்பயிற்சிக் கூடத்திலேயே பாதிப்பேர் சிரித்தார்கள். எதிரே இருக்கும் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிஸ்ட் ஒருநாள் எல்லார் முன்னாலும், "கையே போயிடும், விளையாடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கூனிக்குறுகிப் போனேன். சந்தேகப்படுகிறவர்களிடம் வாயால் பேசிப் பயனில்லை, ஒரு கையைக் காட்ட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

என் கை அதற்கு ஆகாது. அது பதினைந்து வருடம் சாதாரணமாக எடை தூக்கி வளர்ந்த கை. டியூபை நானும் மூன்று நாள் கட்டிப் பார்த்தேன். விரல் மரத்ததும் பயந்து அவிழ்த்துவிட்டேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

மைத்துனன் தானாகத்தான் வந்தான். எல்லாரும் அவனைக் குச்சி என்பார்கள். அவனும் சிரித்தபடி திரும்பிப் பார்ப்பான். அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம். அன்றைக்கான சட்டையைத் தானே தைத்து, கைப்பகுதியை இரண்டு அங்குலம் தாராளமாக வெட்டியிருந்தான்.

"நீங்க நிரப்பிக் குடுத்துடுவீங்கல்ல மாமா?" என்றான்.

என்னை அப்படி நம்பியவர்கள் வேறு யாரும் இல்லை.

முதல் நாள் அளவு பத்தே முக்கால். ஒன்பதாம் நாள், ஊசி விரலில் ஏறியதே தெரியவில்லை என்று ரத்தம் பட்ட துணியைக் காட்டினான். நல்ல அறிகுறி என்றேன். பன்னிரண்டாம் நாள் இரண்டு மணி நேரம் கட்டு இருந்தது.

"அவுத்துடவா மாமா?"

"இன்னும் கொஞ்சம் மாப்ள."

அவிழ்த்தபோது கை பளபளவென்று வீங்கியிருந்தது. அளந்தேன். பதினான்கரை. படம் எடுத்துக் கூடத்துச் சுவரில் ஒட்டினேன்.

மறுநாள் காலை அவனுக்குச் சிறுநீர் கறுப்பாகப் போனது. என் மனைவிதான் தம்பியைத் தாங்கிப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்; நான் பின்னால் போனேன். கையில் எதையாவது இறுக்கிக் கட்டியிருந்தாரா என்று டாக்டர் கேட்டார். அது தெரிந்தால்தான் சரியான வைத்தியம் பார்க்க முடியும் என்றும் சொன்னார். பக்கத்தில் அந்தப் பிசியோதெரபிஸ்ட் நின்றிருந்தார். இல்லை என்றேன். குச்சி என்னைப் பார்த்தான். பிறகு டாக்டரிடம், "மாடிப்படியில விழுந்துட்டேன் சார்" என்றான்.

எனக்காகச் சொன்ன பொய் அது. மூன்றாம் நாள் போய்விட்டான்.

என் மனைவி அந்தச் சட்டையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள். என்னோடு பேசுவதில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை, ஐயா. அவனைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். பதினான்கரை என்று எழுதியிருக்கிறீர்கள். அது பழைய நாடா. புது நாடாவில் அளந்திருந்தால் பதினைந்து வந்திருக்கும்.