கலங்காத பீலி

"மழ இப்படிக் கொட்டுது, எங்க பீலிக் குழாயில வர்ற தண்ணி மட்டும் காலையில நின்னுருச்சு."

தேயிலைத் தோட்டங்கள் வழியே போகும் ராகலை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மா, பக்கத்தில் இருந்த பெண்ணிடம் இதைச் சொன்னார். இருவர் மடியிலும் நனைந்த குடைகள்.

"மலை ஊத்துத் தண்ணிதானேக்கா? மழ பேஞ்சா இன்னும் கூடத்தானே வரணும்?"

"கூடத்தான் செய்யும். கலங்கி வந்தா லயத்து வீடுகள விட்டு எறங்கிரணும், அதுதான் எங்க வழக்கம். ரெண்டு வாட்டி கலங்குச்சு, ஸ்கூலுக்குப் போயிட்டோம். ரெண்டு வாட்டியும் மேல மண்ணு சரிஞ்சுச்சு."

"இந்த வாட்டி?"

"நிக்கிற வரைக்கும் கண்ணாடி மாதிரிதான் வந்துச்சு. கலங்கல, அதனால யாரும் எறங்கல. எங்க வீட்டுக்காரரும் புள்ளைகளோட லயத்துலதான் இருக்காரு."

அந்தப் பெண் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தாள்.

"அப்ப அந்தத் தண்ணியெல்லாம் இப்ப எங்கக்கா போகுது?"

பஸ் இரண்டு வளைவுகளைத் தாண்டியது. அந்த அம்மா போனை எடுத்தார்.

"என்னங்க, புள்ளைகளக் கூட்டிக்கிட்டு இப்பவே ஸ்கூலுக்குப் போயிருங்க. லயத்துல எல்லாருக்கும் சொல்லுங்க. இல்லங்க, கலங்கலதான். அந்தத் தண்ணி இன்னும் மலைக்குள்ளதான் நிக்குது."