முப்பத்தாறு பச்சை டிக்

அக்கா: இன்னொரு தடவை சொல்லு. எவ்வளவு?

தம்பி: அதான் சொன்னேனேக்கா...

அக்கா: காதுல விழுந்துச்சு. மண்டைக்குள்ளதான் போகல. சொல்லு.

தம்பி: ரெண்டு லட்சத்து அறுபதாயிரம்.

அக்கா: கிரெடிட் கார்டுல! செருப்புக் கடையில நாள் முழுக்க நின்னு சம்பாதிக்கிறவன்...

தம்பி: ஷூ கடைக்கா.

அக்கா: இந்த ரோஷம் கார்டைத் தேய்க்கும்போது எங்கடா போச்சு? இப்ப வந்து, நம்ம கடை போடச் சேர்த்த கணக்குல இருந்து எடுத்துக் கொடுன்னு கேக்குற. வெக்கமா இல்ல?

தம்பி: ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். இல்லைன்னா...

அக்கா: இல்லைன்னா கேக்காமலே எடுத்திருப்ப!

தம்பி: அப்படிச் சொல்லலக்கா.

அக்கா: மூணு வருஷம். மாசம் பத்தாயிரம் நீ, பத்தாயிரம் நான். மருந்துக் கடைக்குப் பக்கத்து இடத்துக்கு வர்ற பத்தாம் தேதிக்குள்ள அட்வான்ஸ் கொடுக்கணும். கொடுக்கலைன்னா இடத்துக்காரன் டீக்கடைக்காரனுக்கு விட்டுடுவான். அங்க கண்ணாடிக் கடை போட்டு நான் லென்ஸ் வெட்டணும், நீ வாசல்ல நின்னு விக்கணும். இதுதானே பேச்சு?

தம்பி: அதுதான்.

அக்கா: அப்புறம் என்னத்தை வாங்கின? போனா? வண்டியா? யாராவது பொண்ணா?

தம்பி: பொண்ணை எல்லாம் கார்டுல வாங்க முடியாதுக்கா.

அக்கா: ஜோக்கா? சிரிக்கிற நிலைமையிலயா இருக்கேன்? அந்த பில்லைக் கொடு இப்படி... இது என்ன? ஒவ்வொரு மாசமும் கடைசி நாள் ரொக்கமா எடுத்திருக்க?

தம்பி: ம்...

அக்கா: அட மடையா! பொருள் வாங்கினாலாவது கொஞ்ச நாள் வட்டி இல்லாம விடுவான். ரொக்கம் எடுத்தா அந்த நிமிஷமே வட்டி ஓட ஆரம்பிச்சிடும். எடுத்ததுக்குக் கட்டணம் தனி. அந்தக் கட்டணத்துக்கும் வட்டி!

தம்பி: எனக்கு அதெல்லாம் தெரியல. மினிமம்னு ஒண்ணு போட்டிருந்தான். அதைக் கட்டினா தவணை மாதிரி தீர்ந்துடும்னு நினைச்சேன். நாலஞ்சு மாசம் அதுவும் முடியல.

அக்கா: தீருமா? மினிமம் கட்டினா வட்டிக்கே சரியாப் போயிடும். அசல் அப்படியே கல்லு மாதிரி உக்காந்திருக்கும். பேங்க்குக்கு போன் பண்ணிக் கேக்க வேண்டியதுதானே? ஒன்பதை அழுத்தினா ஆள் வருவாங்களே!

தம்பி: உனக்கு எப்படிக்கா இவ்வளவு தெரியும்?

அக்கா: நான் வேலை பாக்குற கடைக்குக் கண்ணாடி மாட்ட வர்றவங்க ஆயிரம் பேசுவாங்க. பேச்சை மாத்தாத. ஒரே தொகையா இருக்கு. பத்தாயிரம், பத்தாயிரம், பத்தாயிரம்... இருபது மாசம். என்னடா செஞ்ச அந்தப் பணத்தை?

தம்பி: ஃப்ரிட்ஜ் கதவைப் பாரு.

அக்கா: என்ன?

தம்பி: மாசா மாசம் பணம் போட்டதைக் குறிக்க நீ ஒட்டின அட்டையைப் பாருக்கா. மேல் வரிசை நீ, கீழ் வரிசை நான். எல்லாக் கட்டமும் பச்சை டிக்.

அக்கா: அதுக்கும் இதுக்கும்... டேய். டேய்!

தம்பி: கடையில கமிஷன் நிறுத்திட்டாங்க. கையில ஒண்ணும் நிக்கல. மாசக் கடைசி நாள் கார்டுல எடுப்பேன். ஒண்ணாம் தேதி கணக்குல போட்டுடுவேன்.

அக்கா: வருஷத்துக்கு நாற்பது சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி மூணு சதவீத வட்டிக்குச் சேமிச்சியா? உலகத்துல எவனாவது இப்படிச் செய்வானாடா!

தம்பி: சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தா கல்லாப் பக்கமே வரக் கூடாதுன்னு நீதானே சட்டம் போட்ட?

அக்கா: அது விளையாட்டுக்குடா...

தம்பி: எனக்கு விளையாட்டா தெரியல. ஒண்ணாம் தேதி காலையில பல் தேய்க்கறதுக்கு முன்னாடி நீ உன் டிக்கைப் போட்டுட்டு, பேனாவை என் கையில கொடுப்ப. இந்த மாசம் இல்லைக்கான்னு எப்படிச் சொல்றது?

அக்கா: வாயைத் திறந்து சொல்லியிருக்கணும்! கூடப் பிறந்தவகிட்ட என்னடா கௌரவம்? ஒரு வீட்டுல இருந்துக்கிட்டு, ஒரே குழம்பை ஊத்திச் சாப்பிட்டுக்கிட்டு...

தம்பி: தப்புதான். திட்டு. ஆனா கணக்கைக் கேளு. மொத்தம் ஏழு லட்சத்து இருபதாயிரம் இருக்கு. ரெண்டு அறுபது போனா நாலு அறுபது மிச்சம். அட்வான்ஸ் நாலுதான். இடம் நம்ம கையை விட்டுப் போகாதுக்கா! லென்ஸ் வெட்டுற மெஷினைத்தான் கொஞ்சம் தள்ளிப் போடணும். என் பங்கைக் குறைச்சுக்க. நான் கல்லாப் பக்கமே வரல, போதுமா?

அக்கா: பணம் எடுக்கற சீட்டு வச்சிருக்கியா?

தம்பி: இந்தா. என் கையெழுத்துப் போட்டுட்டேன். தொகையை மட்டும் நீ எழுதிடு.

அக்கா: பேனா.

தம்பி: இந்தா... அக்கா, என்ன எழுதுற? அஞ்சு லட்சத்து ஐம்பதாயிரமா? என் கடன் ரெண்டு அறுபதுதானேக்கா! அஞ்சரை எடுத்தா அட்வான்ஸுக்கு என்ன பண்றது? இடம் போயிடுமே!

அக்கா: போகட்டும்... எங்க கடையில எனக்குப் பாதிச் சம்பளம்னு சொல்லி வருஷம் ரெண்டாச்சுடா. மிச்சம் ரெண்டு தொண்ணூறு என் கார்டுக்கு.