நீல ஒயர்

நாற்காலிக்கும் நான்கு கால், மாட்டுக்கும் நான்கு கால். அதற்காக நாற்காலியில் பால் கறக்க முடியுமா, ஐயா? இதைத்தான் என் மச்சானிடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அட்டைப்பெட்டிப் பட்டறை அவருடையது. அங்கே எலக்ட்ரீஷியன் வேலை என்னுடையது. அட்டை வெட்டும் மிஷினில் ஒரு விளக்கு உண்டு. அட்டை சிக்கினால் கத்தி மேலேயே நின்றுவிடும். அப்போது சிவப்பு எரிந்தால் கத்தி எந்த நொடியிலும் இறங்கும். பச்சை எரிந்தால் பூட்டிக்கொண்டது, கையை விட்டு அட்டையை உருவலாம். முன்பு கத்திக்கு முன்னால் ஒரு தடுப்புக் கதவும் இருந்தது. வேலை ஓடவில்லை என்று மச்சான்தான் அதைக் கழற்றிப் போட்டார். வேண்டாம் என்றேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

போன வாரம் அந்த விளக்கு போய்விட்டது. என்னைக் கேட்காமலேயே கடைக்குப் போய், கலர் மாறும் எல்.இ.டி. ஒன்றை வாங்கி வந்தார். அதற்கு நான்கு கால். சிவப்பு, பச்சை, நீலத்துக்கு ஒவ்வொன்று. நான்காவது மூன்றுக்கும் பொது. எங்கள் கன்ட்ரோலருக்கு அந்தப் பொதுக்கால் மைனஸாக இருக்க வேண்டும். இவர் வாங்கியதில் அது பிளஸ். மாட்டினால் எல்லாம் தலைகீழ். கன்ட்ரோலர் எரியச் சொல்வது அணையும், அணையச் சொல்வது எரியும்.

“மாத்திட்டு வந்துடலாம் மச்சான்.”

“பல்புன்னா எரியணும். எரியுதா இல்லையா?”

எரிந்தது. சிவப்பு வர வேண்டிய இடத்தில் பச்சையும் நீலமும் சேர்ந்து எரிந்தன.

“என்ன மாப்ளே இது, மயில் கழுத்துக் கலர்ல?” என்றவர், வேலையாட்கள் பக்கம் திரும்பினார். “பிளஸ் எது மைனஸ் எதுன்னே தெரியாத ஆளுக்குத்தான் என் தங்கச்சியக் கட்டிக் குடுத்திருக்கேன், பாத்துக்கோங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என் உச்சந்தலையில் ஒரு குட்டு. விளையாட்டுக்குத்தான். கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான்.

“நான் சாப்பிட்டுட்டு வர்றதுக்குள்ள ஒழுங்கா ஒரே கலரா எரியணும்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எரிச்சல் என்று எழுதிக்கொள்ளுங்கள். கோபம் என்று எழுத வேண்டாம். கோபக்காரனுக்குக் கை நடுங்கும். எனக்கு நடுங்கவில்லை. நீல ஒயரை வெட்டி, முனையில் டேப் சுற்றினேன். மயில் கழுத்து போய், சுத்தமான பச்சை வந்தது. சிவப்புக்குப் பச்சை, பச்சைக்குச் சிவப்பு. பார்த்தால் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. அவர் கேட்டதும் அதுதான்.

மச்சானிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த மிஷினை ரிப்பேர் செய்தாலும் முதலில் அவர்தான் கை வைப்பார்; அதுவரை வேறு யாரையும் தொட விடமாட்டார். அந்த விஷயத்தில் அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

வந்தார், ஓட்டினார். அன்றைக்கு வந்த அட்டையெல்லாம் ஈரம். கொஞ்ச நேரத்திலேயே சிக்கியது. கத்தி மேலே நின்றது. பச்சை எரிந்தது.

“இப்ப சொல்லு மாப்ளே, தப்பு பல்புலயா, உன் கையிலயா?” என்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையை உள்ளே விட்டார். எப்போதும் தொணதொணக்கிறவன் நான். அப்போது வாயைத் திறக்கவில்லை. ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் சொல்வான்?

வலது கை, மணிக்கட்டோடு போய்விட்டது. குட்டுகிற கை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மனைவி, “உங்க பேச்சக் கேட்டிருந்தா அண்ணனுக்கு இப்படி ஆகியிருக்குமா?” என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். அவளாவது புரிந்துகொண்டாளே என்று இருந்தது.

தெரிந்தே செய்தாயா என்று கேட்கிறீர்கள். கதவைக் கழற்றியது அவர். பல்பு வாங்கியது அவர். கையை விட்டதும் அவர். நான் ஒரு ஒயரை வெட்டினேன், அவ்வளவுதான். யாருக்கும் ஒரு கெடுதல் வரக்கூடாது என்று நினைக்கிறவன் நான், ஐயா. பட்டறையில் பசை தடவும் அக்காவை வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள். மச்சான் சாப்பிடப் போயிருந்தபோதே அந்த அக்காவிடம் போய், “அக்கா, இன்னைக்குப் பச்சை எரிஞ்சா அந்த மிஷின்ல கை வச்சுடாதீங்க,” என்று சொல்லி வைத்தேன். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொன்னால் கேட்கிற மனுஷி.