விற்காத கடைசி வரி

கடைவீதிச் சங்கத் தலைவர் அவர்களே! எங்களை ஒருநாள் விரட்டியடித்து, இன்று முதல் வரிசையில் அழுதுகொண்டிருக்கும் மீன்கடை இவாகி அவர்களே! கடையடைத்துவிட்டு வந்திருக்கும் ஒசாகா மக்களே!

கிளாரினெட் மாமணி நாகமினே தோகுஜி போய்விட்டார்! முப்பத்தொரு வருடம் அவருக்குப் பக்கத்தில் முரசு அடித்தவள், இந்த வீதி வாத்தியக் குழுவின் தலைவி உசுய் மசுயோ பேசுகிறேன். அழ வரவில்லை. அவரைப் பற்றிக் கத்த வந்திருக்கிறேன்!

எங்கள் தொழில் என்ன? முகத்தில் சாயம் பூசி, வீதியில் வாசித்துப் போய், புதுக் கடைக்கு ஆள் சேர்ப்பது. அச்சகத்தில் வேலை பார்த்து, ஞாயிறு மட்டும் ஆசைக்கு வாசித்தவர் தோகுஜி. இனி வாசித்தே பிழைப்பேன் என்று அந்த வேலையை விட்டுவிட்டு எங்களிடம் வந்தார். முதல் நாளே இவாகி கடைத் திறப்பு விழா. என்ன செய்தார் தெரியுமா? மெய்மறந்து வாசித்தார்! கூட்டமும் மெய்மறந்து, கடையைத் தாண்டி, ஆற்றுப்பாலம் வரைக்கும் அவர் பின்னாலேயே போய்விட்டது! கடையில் இவாகியும் மீனும்தான் மிச்சம்.

"யோவ்! ஆளக் கூட்டிட்டு வரச் சொன்னா, கடத்திட்டா போற?" என்று ஓடி வந்து எங்களை விரட்டியடித்தார் இவாகி.

எனக்கும் கோபம். "இவ்வளவு நல்லா வாசிக்கிறவன் இந்தத் தொழிலுக்கு ஆகமாட்டான். நாளைக்கு வராத."

"அக்கா, மோசமா வாசிக்கச் சொல்லாத. அது மட்டும் என்னால ஆகாது. இன்னும் ஒரே ஒரு நாள் குடு."

இவாகியிடம் கெஞ்சிக் கேட்டு, மறுநாள் அதே கடை, அதே பாட்டு. கடைசி வரிக்கு முன்னால், மீன் தட்டுக்கு நேரே, டக்கென்று நிறுத்தினார்! "முடிச்சிட்டுப் போய்யா!" என்று கத்தியது கூட்டம். அவர் சிரித்துக்கொண்டே மீனைக் காட்டினார். முடிவுக்குக் காத்திருந்தவர்கள் மீன் வாங்கினார்கள். ஆனால் முடிவை வாசித்தாரா? மாட்டேன் என்றுவிட்டார்!

"மத்ததெல்லாம் வயித்துக்கு. அந்தக் கடைசி வரி எனக்கு. அது விக்கிறதுக்கு இல்லக்கா."

சாயங்காலம் முகம் கழுவியபின், பாலத்தில் நின்று முழுப்பாட்டும் வாசிப்பார். தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று நாங்கள் கேட்போம். அவருக்குத் தெரியாதா என்ன! கேட்காதவர் இவாகி ஒருவர்தான். சாயங்காலம் அவருக்கு வியாபார நேரம். முப்பத்தொரு வருடமாக, "முடிவ எப்பய்யா வாசிப்ப?" என்பார். "கடைய மூடிட்டு வாங்க" என்பார் தோகுஜி.

நேற்று இவாகி என் வீட்டுக்கு வந்தார். "கூலி எவ்வளவு வேணா தர்றேன். நாளைக்கு இரங்கல் கூட்டத்துல அந்த வரிய வாசிக்கச் சொல்லுங்க."

"கூலி குடுத்தா அது கிடைக்காதுங்க" என்றேன். மனிதர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்.

மக்களே, நாளை பத்து மணிக்கு ஒரு சலூன் திறப்பு. நாங்கள் போவோம், வாசிப்போம், அவர் நிறுத்திய இடத்திலேயே நிறுத்துவோம். எங்கள் உடம்பில் உயிர் உள்ளவரை அந்த வரியை விற்கமாட்டோம்!

ஆனால் இன்று நமக்கு யாரும் கூலி தரவில்லை. நம் குழுவின் கானோ, சாக்ஸபோனை எடுங்கள். முதலிலிருந்து முடிவு வரை வாசியுங்கள்.

இவாகி அவர்களே, கண்ணைத் துடையுங்கள். இன்று நீங்கள் கடையை மூடிவிட்டுத்தானே வந்திருக்கிறீர்கள்.